வலிக்காத புண்

வலியசாலையில் ஒரு பூக்கார அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 52. காந்தளூர் மகாதேவர் கோயில் பக்கம் உட்கார்ந்து பூக் கட்டுவார். அவருடைய வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குகிறார். ஒரு மகன். ஒரு மருமகள்.

அக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மாத்திரை இருக்கிறது. ஆனால் தினமும் போடுவது இல்லை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு. பிறகு எதுக்கு மாத்திரை?" என்பார்.

மாசி மாதம் வந்தது. ஆற்றுக்கால் அம்மன் கோயிலில் பொங்காலை. அன்று திருவனந்தபுரம் நகரமே அடுப்பாக மாறிவிடும். கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரம் தெருவெல்லாம் பெண்கள் பானை வைப்பார்கள். வலியசாலையிலும் அப்படித்தான். நம் அக்காவும் வாசலில் மூன்று செங்கல் வைத்தார். சிரட்டையும் ஓலையும் போட்டு அடுப்பு மூட்டினார். காலில் செருப்பு இல்லை. தார் ரோடு கொதித்தது. அடுப்பில் இருந்து தீக்கங்கு தெறித்தது. அக்கா பானையைப் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை.

இரவு மருமகள் விளக்கைப் போட்டாள். தரையில் சிவப்புச் சிவப்பாக அடையாளம்.

"அத்தே, குங்குமம் சிந்திச்சா?"

"இல்லையே, மக்களே."

மருமகள் அந்த அடையாளத்தின் பின்னாலேயே போனாள். அது அத்தையின் கட்டிலில் போய் முடிந்தது. அத்தையின் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் பெரிய கொப்புளம். அது உடைந்து ரத்தம் கசிந்தது. நடுவில் கரி ஒட்டி இருந்தது.

"ஐயோ! வலிக்கலையா அத்தே?"

"இல்லையே" என்றார் அக்கா. அவருக்கே ஆச்சரியம்.

தீ சுட்டும் வலிக்கவில்லை. நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். நல்லது இல்லை. வலித்திருந்தால் அக்கா அப்போதே காலை எடுத்திருப்பார். தண்ணீர் ஊற்றியிருப்பார். வலிக்காததால் காலை முதல் இரவு வரை அந்தப் புண்ணின் மேலேயே நடந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டில் இருந்து வந்தவர் "காப்பிப் பொடி அப்பு" என்றார். இன்னொருவர் "மஞ்சளைக் குழைத்துப் போடு" என்றார். மருமகள் எதையும் போட விடவில்லை. சுத்தமான தண்ணீரில் கழுவினாள். சுத்தமான துணியால் லேசாக மூடினாள். மறுநாள் காலையில் அத்தையை ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். நடக்க விடவில்லை. அவள் செய்த வேலைகளில் மிக நல்ல வேலை அதுதான்.

விரலைத் தொட்டுப் பார்த்த சிஸ்டர்

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்தார். தீக்கங்கு மிதித்த காலுக்கு டெட்டனஸ் ஊசி போடச் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். பிறகு நர்ஸ் ஒரு சின்னப் பரிசோதனை செய்தார்.

"அக்கா, கண்ணை மூடிக்கோங்க. நான் உங்க கால் விரலைத் தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க. வலது காலா, இடது காலா என்றும் சொல்லுங்க."

சிஸ்டர் ஒவ்வொரு காலிலும் மூன்று விரலைத் தொட்டார். கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல். விரல் நுனியில் லேசாக, ஒன்று இரண்டு எண்ணும் நேரம் மட்டும். அழுத்தவில்லை. குத்தவில்லை. தடவவில்லை. ஆறு இடத்தில் தொட்டார். அக்கா இரண்டு இடத்தில் மட்டும் "ஆமா" என்றார்.

"தொட்டீங்களா சிஸ்டர்? இன்னும் தொடலையே?" என்று கேட்டார் அக்கா. மருமகளின் முகம் வாடிவிட்டது.

இந்தப் பரிசோதனையை நீங்களும் வீட்டில் செய்யலாம். காசு வேண்டாம். கருவி வேண்டாம். ஆறு இடத்தில் இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நைலான் நூலை வைத்து இன்னும் நன்றாகச் சோதிப்பார்கள். அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

"இது எப்படி வந்தது சிஸ்டர்?" என்று கேட்டாள் மருமகள்.

சிஸ்டர் மேலே ஓடும் மின்கம்பியைக் காட்டினார். "நரம்பும் கம்பி மாதிரித்தான். சூடு, குளிர், வலி எல்லாம் அது வழியாகத்தான் மூளைக்குப் போகுது. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடியே இருந்தால் நரம்பு கெடும். நரம்புக்குச் சாப்பாடு கொண்டு போகும் மெல்லிய ரத்தக் குழாயும் கெடும். உடம்பில் ரொம்ப நீளமான நரம்பு எது? காலுக்குப் போகிற நரம்புதான். அதனால் முதலில் கால் விரல் மரத்துப் போகும். பிறகு பாதம். பிறகு கணுக்கால். காலுறை போட்ட மாதிரி மேலே ஏறும்."

சிலருக்கு எறும்பு ஊர்வது போல் இருக்கும். சிலருக்கு ஊசி குத்துவது போல் இருக்கும். சிலருக்கு மிளகாய் தேய்த்தது போல் எரியும். ராத்திரியில் அதிகமாக இருக்கும். போர்வை பட்டாலே பொறுக்காது. சிலருக்குப் பஞ்சு மேல் நடப்பது போல் இருக்கும். செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாது. இன்னும் சிலருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. பூக்கார அக்கா அந்த வகை. அதுதான் மிகவும் ஏமாற்றும் வகை.

2023-ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வின் கணக்கு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு அது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கேரளத்தில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. எல்லாருக்கும் கால் மரத்துப் போவது இல்லை. ஆனால் நம் தெருவில் எத்தனை வீடு, எத்தனை கால் என்று எண்ணிப் பாருங்கள்.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

வலி இல்லாத காலைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவர் ஒரு டாக்டர். அவர் சொன்ன இடம் நமக்குத் தூரம் இல்லை. வேலூர்தான்.

அவர் பெயர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் வெள்ளைக்காரர்கள். மலை மக்களோடு வாழ்ந்தவர்கள். பிராண்ட் இங்கிலாந்தில் படித்து அறுவை சிகிச்சை டாக்டர் ஆனார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வேலைக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளுக்கு விரல் குறைந்து போகும். பாதத்தில் ஆறாத புண் வரும். தொழுநோய்தான் விரலைத் தின்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். பிராண்டுக்குச் சந்தேகம். அவர் பல நாள் நோயாளிகளோடு இருந்து கவனித்தார்.

ஒரு நாள் ஒரு பூட்டு துருப்பிடித்து மாட்டிக்கொண்டது. டாக்டரால் சாவியைத் திருப்ப முடியவில்லை. ஒரு சிறுவன் வந்தான். சட்டென்று திருப்பிவிட்டான். இவ்வளவு பலமா என்று டாக்டர் அவன் கையைப் பார்த்தார். விரல் எலும்பு வரை கிழிந்து ரத்தம் கொட்டியது. பையனுக்குத் தெரியவே இல்லை. அவன் பலசாலி இல்லை. வலி தெரியாதவன். நமக்கு வலி "போதும், நிறுத்து" என்று சொல்லும். அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொரு சங்கதி. சில நோயாளிகளுக்கு ராத்திரி விரல் இருக்கும். காலையில் துண்டு குறைந்திருக்கும். மாயமா? ஒருவர் ராத்திரி கண் விழித்துக் காவல் இருந்து பார்த்தார். எலி வந்து கடித்தது! தூங்குகிறவருக்கு உறைக்கவில்லை. பிறகு நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு பூனை கொடுத்து அனுப்பினார்கள். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பூனை பல விரல்களைக் காப்பாற்றியது.

பிராண்ட் கண்டுபிடித்தது இதுதான். விரலைத் தின்பது நோய் இல்லை. நோய் நரம்பை மரக்கச் செய்கிறது. பிறகு சுடுவதும் கிழிப்பதும் தேய்ப்பதும் அன்றாட வேலைகள்தான். இன்னொன்றும் கண்டார். பாதப் புண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் அது ஆறுகிறது. அவர் காலுக்கு மாவுக்கட்டு போட்டார். புண் மேல் பாரம் விழவில்லை. வருடக்கணக்கில் ஆறாத புண்களும் ஆறின.

பாதத்துக்கு மெத்தென்ற செருப்பு வேண்டும் என்று அவரும் அவருடைய குழுவும் தேடினார்கள். காற்றுக் குமிழ் உள்ள ரப்பர் ஒன்றைச் செருப்பின் உள்ளே வைத்தார்கள். இன்று கடையில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்கிறீர்களே, அந்த வகைதான்.

1966-இல் பிராண்ட் அமெரிக்கா போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்த்தார். வேலூரில் பார்த்த அதே புண்! இரண்டு நோயும் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் கால் மரத்துப் போகிறது. வேலூரில் கற்றதை அங்கே சர்க்கரை நோயாளிகளுக்குச் செய்தார். மாவுக்கட்டு, மெத்தைச் செருப்பு, தினமும் காலைப் பார்த்தல். 2003-இல் அவர் இறந்தார். இன்று பல நாடுகளில் சர்க்கரைப் புண்ணுக்கு அந்த வழிகளைப் பின்பற்றுகிறார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய் ஒட்டுவது இல்லை. சர்க்கரைப் புண் உள்ளவரை யாரும் ஒதுக்க வேண்டாம். தொழுநோய்க்கும் இன்று இலவச மாத்திரை இருக்கிறது. முழுவதும் குணமாகும். அவர்களையும் ஒதுக்க வேண்டாம்.

வலி செய்யும் வேலையைக் கண் செய்யட்டும்

"சிஸ்டர், போன உணர்ச்சி திரும்ப வருமா?" என்று கேட்டார் அக்கா.

சிஸ்டர் பொய் சொல்லவில்லை. "முழுக்கக் கெட்ட நரம்பு பெரும்பாலும் திரும்பாது அக்கா. ஆனால் இன்னும் கெடாமல் நிறுத்தலாம். காலைக் காப்பாத்தலாம். வலி இதுவரைக்கும் காவல் காத்தது. இனி உங்க கண் காவல் காக்கணும்."

எப்படிக் காவல் காப்பது?

தினமும் ராத்திரி படுக்கும் முன் இரண்டு காலையும் பாருங்கள். மேல் பக்கம், உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு. குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதில் பார்க்கலாம். கண் மங்கலானவர்களுக்கு வீட்டில் உள்ளவர் பார்க்க வேண்டும். சர்க்கரை கண்ணையும் கெடுக்கும் அல்லவா? அதனால் பல வீடுகளில் பேரப்பிள்ளைதான் நல்ல காவல்காரன்.

என்ன தேட வேண்டும்? கொப்புளம், கீறல், சிவப்பு, வீக்கம், நிறம் மாறிய இடம், பித்தவெடிப்பு, ஆணிக்கால். கையால் தொட்டும் பாருங்கள். ஒரு இடம் மட்டும் சுடுகிறதா? அதற்குள்ளே ஏதோ நடக்கிறது. ஒரு பாதம் முழுவதும் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால் புண் இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டு இருக்கலாம். வலி இல்லையே என்று நடந்தால் பாதத்தின் உருவமே மாறிவிடும்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் பார்க்க வேண்டும். பூக் கட்டுகிறவர், அப்பளம் இடுகிறவர், காய் நறுக்குகிறவர் எல்லாரும் தரையில் சம்மணம் போட்டு மணிக்கணக்கில் உட்காருவார்கள். கணுக்காலின் வெளி எலும்பு தரையில் அழுந்தும். உணர்ச்சி உள்ளவர் அடிக்கடி காலை மாற்றுவார். மரத்த கால் அப்படியே இருக்கும். அங்கேயும் புண் வரும். மெத்தைத் துணி போடுங்கள். முடிந்தால் முக்காலியில் உட்காருங்கள்.

கோயிலுக்குப் போகக் கூடாதா என்று அக்கா கவலைப்பட்டார். போகலாம். வெயில் ஏறி கல் சுடும் முன் போங்கள். தடித்த துணிக் காலுறை போட விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி உள்ளங்காலைப் பாருங்கள். கோயில் தவிர மற்ற இடங்களில் செருப்பு வேண்டும். வீட்டுக்குள்ளும் வேண்டும். வீட்டுக்குள் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். குண்டூசி, கண்ணாடித் துண்டு எல்லாம் வீட்டுக்குள்தானே கிடக்கிறது.

செருப்பு எப்படி இருக்க வேண்டும்? உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். அடி கெட்டியாக இருக்க வேண்டும். பின்னால் வார் வேண்டும். கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே பிடிக்கும் செருப்பு வேண்டாம். அது இடுக்கில் அறுக்கும். சாயங்காலம் போய் வாங்குங்கள். அப்போதுதான் கால் சற்று வீங்கி இருக்கும். காலையில் வாங்கியது மாலையில் இறுக்கும். போடும் முன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே கல் இருந்தாலும் உங்கள் காலுக்குத் தெரியாது.

காலைத் தினமும் கழுவுங்கள். வெந்நீர் என்றால் காலை வைத்துச் சூடு பார்க்காதீர்கள். முழங்கையால் பாருங்கள். கழுவியபின் விரல் இடுக்கை நன்றாகத் துடையுங்கள். வறண்ட தோலில் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள். அங்கே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். நகத்தை நேராக வெட்டுங்கள். மூலையைக் குடைய வேண்டாம். ஆணிக்காலை பிளேடால் சீவாதீர்கள். மருந்து வைத்த பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள். கால் குளிர்கிறது என்று வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். ஒத்தடத்தில் வெந்து போன கால்கள் நிறைய உண்டு.

உள்ளே இருந்து காப்பது

காலை வெளியே இருந்து மட்டும் காத்தால் போதாது. மூல காரணம் ரத்தத்தில் இருக்கிறது. மாத்திரையோ இன்சுலினோ, டாக்டர் சொன்னபடி தினமும் எடுக்க வேண்டும். அன்றாடச் சர்க்கரை மட்டும் அல்ல, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது 7-க்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. உங்களுக்கு எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்க்க வேண்டும்.

பீடி, சிகரெட் காலின் ரத்தக் குழாயை அடைக்கும். உணர்ச்சியும் இல்லை, ரத்தமும் இல்லை என்றால் அந்தக் காலைக் காப்பாற்றுவது கடினம். அக்காவின் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு வெளியே பார்த்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு. சட்டைப் பையில் பீடியும் உண்டு.

எரிச்சலும் குத்தலும் தாங்க முடியாதவர்களுக்கு மருந்து இருக்கிறது. அது வலியைக் குறைக்கும். நரம்பைப் புதிதாக்காது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். மரத்துப் போவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடும் சிலருக்கு பி-12 வைட்டமின் குறையும். அதனாலும் கால் மரக்கும். சாராயத்தாலும் மரக்கும். பி-12 குறைவுக்கு மருந்து உண்டு. அதற்காக மெட்ஃபார்மினை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள். "நரம்பைப் பத்து நாளில் சரி செய்கிறோம்" என்று எண்ணெயும் பெல்ட்டும் விற்கிறவர்களிடம் மட்டும் கேட்க வேண்டாம்.

காலில் மட்டும்தான் நரம்பு இருக்கிறதா? இல்லை. எழுந்ததும் தலை சுற்றுகிறதா? கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறதா? சிறுநீர் முழுவதும் போகவில்லையா? ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் சிரமமா? இதற்கும் நரம்பு காரணமாக இருக்கலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சில சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காது. திடீர் வியர்வை, மூச்சு முட்டல், காரணமில்லாத சோர்வு வந்தால் வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

அக்காவின் கால்

டாக்டர் அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னார். "புண் ஆறும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது."

அக்கா அழுதுவிட்டார். கடைக்குப் போகாவிட்டால் வருமானம் எங்கே? இதுதான் உண்மையான கஷ்டம். மருந்து இலவசமாகக் கிடைக்கும். ஓய்வு இலவசமாகக் கிடைப்பதில்லை. பல பேர் கால் போவது இந்த இடத்தில்தான்.

வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். பூவை மகன் வாங்கி வந்து கொடுப்பான். அக்கா கட்டிலில் காலை நீட்டிக் கட்டுவார். மருமகள் காலையில் இரண்டு மணி நேரம் கோயில் பக்கம் கொண்டு போய் விற்பாள். வருமானம் பாதியானது. ஆனால் நிற்கவில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை கட்டு மாற்றினார்கள். புண் ஆழமாகப் போனால் எங்கே அனுப்புவோம் என்றும் சிஸ்டர் சொல்லி வைத்தார். மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புலையனார்கோட்டையில் அரசின் நீரிழிவு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போக வேண்டி வரவில்லை. ஒன்பதாவது வாரத்தில் புண் மூடியது.

அடுத்த மாசியில் மறுபடியும் பொங்காலை வந்தது. அக்கா வாசலில் மூன்று செங்கல் வைத்தார். இந்த முறை பின்வார் செருப்பு போட்டிருந்தார். எதிர் வீட்டு அம்மா கேட்டார். "என்னம்மா, செருப்போடவா அடுப்பு பக்கம்?"

"கால் இருந்தாத்தானே அடுத்த வருஷமும் வைக்க முடியும்" என்றார் அக்கா.

பொங்கல் பொங்கியது. சாயங்காலம் மருமகள் கண்ணாடியை எடுத்து வந்து தரையில் வைத்தாள். அக்கா இரண்டு காலையும் பார்த்தார். பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க. உங்க காலையும் காட்டுங்க."